நாலு மணிச் சாயா

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, இட்லிக்குக் கடுமாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டேன். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். வில்லிங்டன் தீவில் ஒரு தேயிலைத் தரகு ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் தேயிலை ருசி பார்க்கிற உத்தியோகம் எனக்கு. காலையில் காரம் கூடாது, ஊறுகாய் கூடாது. வீட்டில் சாம்பிராணிகூட நான் ஆபீசுக்குக் கிளம்பித் தோப்பும்படிப் பாலம் தாண்டிய பிறகுதான் புகையும். அன்று மாங்காய்க் காரம் உச்சிக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தபோது, அப்பாடா, இந்த நாக்கு இனி என்னுடையது என்று இருந்தது.

அந்த நிம்மதியில் ஒரே ஒரு முள். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. என் மனைவி இஞ்சி தட்டிப் போட்டுச் சாயா கொதிக்க வைப்பாள். அடுத்த வீட்டுச் சேச்சி கொல்லைப்பக்கமாகத் தன் கிளாஸோடு வருவாள். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மட்டும் ஹாலுக்குக் காப்பி வரும்.

காரணம் நான்தான். கல்யாணத்துக்கு மறுநாள், தேயிலைக்கார மாப்பிள்ளை என்று ஆசையாகச் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அம்மா, அண்ணா, மன்னி எல்லோரும் பார்த்திருக்க, ஒரு வாய் உறிஞ்சி உருட்டி, "இலை பழசு. கொதி ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, தலைக்கனம். அன்றிலிருந்து எனக்குக் காப்பிதான். தினம் இருநூறு கிண்ணம் ருசி பார்க்கிறவனுக்கு வீட்டில் சாயா எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போது அந்த இஞ்சி வாசனை ஹாலுக்கு வந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது. எழுந்து யூதர் தெருவுக்குப் போகிற வழியில் இருக்கிற கடைக்குப் போவேன். அங்கே கடைக்காரச் சேட்டன் நல்ல சாயாதான் போடுவார். எனக்கு இறங்காது. சொல்ல வெட்கம்தான், அடுத்த வீட்டுச் சேச்சி மேல் எனக்குப் பொறாமை.

ஒரு நாள் அடுக்களை வாசலில் போய் நின்றேன். "எனக்கும் ஒரு கிளாஸ் கிடைக்குமா?"

"மார்க் போடுவேளே" என்றாள் மனைவி.

"சத்தியமா மாட்டேன். வாயே திறக்க மாட்டேன்."

"கொடுக்கு, பாவமல்லே" என்று சேச்சி எனக்காகச் சிபாரிசு செய்தாள்.

கிளாஸ் கைக்கு வந்தது. வாய் சர்ரென்று உறிஞ்சியது, நாக்கு உருட்டியது, கால்கள் தானாக எழுந்து சிங்குக்குப் போயின. துப்பிவிட்டேன். துப்பிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே உறைத்தது. சேச்சி தரையைப் பார்த்தாள். மனைவி என் கையிலிருந்து கிளாஸை வாங்கி மீதியைக் கொட்டினாள். "போதும்" என்றாள்.

அன்று அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆபீசில நன்னா இருந்தாலும் துப்புவேன், மோசமா இருந்தாலும் துப்புவேன். இருநூறையும் முழுங்கினா ஆள் இருப்பேனா? பழக்கதோஷம், வேற ஒண்ணும் இல்லை."

கத்தி நின்றது. "அப்போ கல்யாணத்துக்கு மறுநாள் சொன்னேளே, அது?"

"அது திமிர்" என்றேன்.

"இதைச் சொல்ல முப்பத்துநாலு வருஷம் ஆச்சா உங்களுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் நறுக்கினாள். பிறகு, "நாளைக்கு நீங்க போடுங்கோ. நான் பார்க்கறேன்."

ஒரு சிட்டிகை இலையைப் பார்த்து எந்த மலை என்று சொல்லத் தெரிந்த எனக்குச் சாயா போடத் தெரியவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இஞ்சியைத் தட்டாமல் முழுசாகப் போட்டேன். வேடிக்கை பார்க்கச் சேச்சி சீக்கிரமே வந்துவிட்டாள்.

மனைவி கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் நிறம் பார்த்தாள். மோந்தாள். பிறகு சர்ரென்று ஓர் உறிஞ்சல், அச்சு அசல் என்னுடையது. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டினாள். எழுந்தாள். சிங்கைப் பார்த்து நடந்தாள்.

கல்யாணத்துக்கு மறுநாள், அத்தனை பேர் நடுவில், இருபத்திரண்டு வயசில், அவளும் இப்படித்தான் தீர்ப்புக்குக் காத்து நின்றிருப்பாள். இது எனக்கு இத்தனை வருஷமும் தோன்றவே இல்லை.

சிங்க் அருகில் நின்று என் பக்கம் திரும்பினாள். விழுங்கினாள்.

"இஞ்சியைத் தட்டிப் போடணும்" என்றாள். அங்கேயே நின்றபடி மீதியையும் குடித்து முடித்தாள்.