எங்கள் காலனியில் பஸ் நின்ற கதை

போன செவ்வாய்க்கிழமை என் ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் படுத்துக்கொண்டது. வேலை முடிந்து தருமபுரியில் டவுன் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "காலனி ஸ்டாப் ஒண்ணு குடுங்க" என்றேன். கண்டக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அது எங்கங்க இருக்குது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இடத்தை அடையாளம் சொன்னதும் பாவம் பார்த்து, "அங்கெல்லாம் நிக்காதுங்க, அதியமான்கோட்டையில எறங்கி நடந்துக்கோங்க" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் எங்கோ போய்விட்டது. அந்த வாசனைக்காக ஒரு காலத்தில் எங்கள் காலனி மொத்தமும் குளித்து, தலை வாரி, பவுடர் பூசிக்கொண்டு கிளம்பியது. நம்ப மாட்டீர்கள், சொல்கிறேன்.

எங்களுடையது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து வீடு, எல்லாம் ஒரே அச்சு. குடியேறிய புதிதில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. கதவில் எழுதிய நம்பர்தான் பெயர். நான் நாப்பத்தொண்ணு. இண்டூர்ப் பக்கத்து ஆட்கள் முதல் இரண்டு வரிசையில், தெலுங்கு பேசுகிறவர்கள் நடுவில், சித்தேரி மலையிலிருந்து இறங்கியவர்கள் கடைசியில். குழாயடியில் சண்டை வந்தால் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். ஒரு வரிசைக் கல்யாணத்துக்கு இன்னொரு வரிசை போகாது.

எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒரே குறை. பஸ் நிற்காது. எங்களைப் பார்த்தாலே டிரைவரின் கால் ஆக்சிலேட்டரை அழுத்தும். "காலனின்னா அப்படித்தான்" என்று அப்பா பல்லைக் கடிப்பார். மனு எழுதி எழுதி எங்கள் கை ஓய்ந்தபோது ஒருநாள் பதில் வந்தது. ஒரு மாதம் நின்று பார்ப்பார்கள். ஏற ஆள் இருந்தால் ஸ்டாப் நிரந்தரம், இல்லையென்றால் ரத்து. கடைசி நாள் செக்கிங் அதிகாரி வருவார்.

அப்போதுதான் எனக்குத் தருமபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. அதியமான்கோட்டை வரை நடந்து போய்த்தான் பஸ் ஏற வேண்டும். பொழுது சாய்ந்து தனியாகத் திரும்புவதைப் பார்த்து அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "பஸ்ஸு நின்னா வேலைக்குப் போ பாப்பா. நிக்கலன்னா வேணாம், மாப்பிள்ள பாக்கறன்." எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையை விட டைப்ரைட்டர் மேல்தான் எனக்கு ஆசை.

இந்தச் சேதி குழாயடி வழியாக இருபத்திரண்டுக்குப் போனது. இருபத்திரண்டு என்றால் முனியம்மா அக்கா. செங்கல் சூளையில் வேலை, மைக் வைத்த மாதிரி தொண்டை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே அறிவித்தாள்: "நம்ம காலனியில ஒரு பொண்ணு ஆபீசுக்குப் போவுது. அத நிறுத்த வுடலாமா? ஒரு நாளைக்கு ரெண்டு வரிசை. வேல இருந்தாலும் இல்லாட்டியும் பஸ்ஸுல ஏறணும், ஆமா!"

அது ஆபீஸ் இல்லை, ஜெராக்ஸ் கடை என்று நான் திருத்தவில்லை.

அந்த மாதம் இருக்கிறதே, தினமும் திருவிழாதான்! கடைசி வரிசைத் தாத்தா ஒருவர் கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு ஏறுவார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்து, அதே பஸ்ஸில் திரும்புவார். "எங்க போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டால், "பஸ்ஸுக்குத்தான்" என்பார். வெறும் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். முகம் கொடுத்துப் பேசாத வரிசைக்காரர்கள் துண்டு போட்டு ஒருவருக்கொருவர் சீட்டுப் பிடித்தார்கள். நான் மட்டும்தான் உண்மையான பயணி. அதனால் எனக்கு எப்போதும் ஜன்னல் சீட்டு.

கடைசி நாள் வந்தது. வரிசைக் கணக்கெல்லாம் கிடையாது, மொத்தக் காலனியும் கிளம்பியது. இத்தனை பேருக்கும் சீட்டு வேண்டுமே! யார் தொடங்கிவைத்தார்களோ, முந்தின ஸ்டாப்பில் ஏறினால் உட்கார்ந்து போகலாம் என்று எல்லாரும் அதியமான்கோட்டைக்கு நடையைக் கட்டினோம். படித்தவள் என்று பெயர் வாங்கிய நானும் கூடவே நடந்தேன். பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி, சீட்டிலும் மடியிலுமாக உட்கார்ந்து, வெற்றிச் சிரிப்போடு வந்தோம்.

காலனி ஸ்டாப்பில் பஸ் நின்றது. அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

முன்சீட்டில் இருந்த செக்கிங் அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். "ஒருத்தர்கூட இல்லியே" என்று பேனா மூடியைக் கழற்றினார். மாப்பிள்ளை என் கண்முன்னே வந்து நின்றுவிட்டார்.

"அய்யய்யோ, எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று அலறினாள் முனியம்மா அக்கா. பஸ் காலியானது. தடதடவென்று இறங்கி, ரோட்டோரம் வரிசையாக நின்று, நின்றுகொண்டிருந்த பஸ்ஸுக்கே கையைக் காட்டினோம்.

அதிகாரி படியில் வந்து நின்றார். "என்னம்மா இது?"

மூச்சிரைக்க, ஆனால் மிக மரியாதையாக அக்கா சொன்னாள்: "நாங்க காலனிங்க சார். தருமபுரிக்குப் போவணும்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ஸ்டாப் நிரந்தரமானது. எனக்கு வேலை நிலைத்தது. அடுத்து வந்த கல்யாணத்துக்கு ஆறு வரிசையும் பந்தியில் உட்கார்ந்தது.

இதற்கு மேல் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காலனியிலேயே முதலில் ஸ்கூட்டர் வாங்கியவள் நான்தான். ஆரத்தி சுற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தவளும் அதே இருபத்திரண்டுதான். என்னைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். வீட்டுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒன்று. ஸ்டாப்பில் ஆள் குறைந்தது. பஸ் எப்போது நிற்காமல் போனது என்றுகூட நான் கவனிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அதியமான்கோட்டையில் இறங்கினேன். முன்வாசல் வழியாக வயதான ஒரு பெண், கையில் பையோடு, கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நாப்பத்தொண்ணு! வண்டி என்னாச்சு?"

"ரிப்பேரு, அக்கா. நீங்க தெனமும் இவ்ளோ தூரம் நடந்தா வந்து ஏறுறீங்க?"

முனியம்மா அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலனிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். "ஆமா. இங்க ஏறுனாத்தான் சீட்டு கெடைக்குது" என்று சொல்லிச் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. பையை வாங்கிக்கொண்டு கூட நடந்தேன்.