சேமக்காலை மண்

என் கணவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, தினமும் நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அவர் குருநகர்க்காரர். முப்பது வருடங்களாகப் படகு எஞ்சின் திருத்துவதே அவருடைய தொழில். முதல் மாதம் கடற்கரை வீதியில் நடந்தார். எதிரே வந்த ஒவ்வொருவரும் நிறுத்தி, நெஞ்சு இப்போது எப்படி என்று கேட்டார்கள். கேள்விக்குப் பயந்தே அவர் நடப்பதை விட்டுவிடுவார் போலிருந்தது. அதனால் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி, எங்களைத் தெரியாத ஊர்களுக்குப் போய் நடக்கத் தொடங்கினோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்த என் தம்பி ஒரு டென்டை எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தான். ஒருநாள் பின்னேரம் அதை முற்றத்தில் விரித்துப் பார்த்த கணவர், "இதையும் கொண்டு போவம். காசு குடுத்து அறை எடுக்கத் தேவையில்லை. பிடிச்ச இடத்திலை படுக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் விரும்பி டென்டில் படுப்பவர்கள் குறைவு. இடம்பெயர்ந்த காலத்தில் நானே இரண்டு மழைக்காலங்களைத் தறப்பாளுக்குக் கீழே கழித்தவள். சண்டிலிப்பாயில் இருக்கும் என் அக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது தொலைபேசியில் கத்தினாள். "கல்வீடு இருக்கேக்கை ஏன் இப்பிடி அகதி மாதிரித் திரியிறியள்?" ஆனால் மரங்களுக்குக் கீழே படுத்த முதல் காலையில் கணவர் வருடக்கணக்கில் தூங்காதவர் போல ஏழரை மணிவரை தூங்கினார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அப்படித்தான் வடமராட்சி கிழக்கில் அந்த ஊருக்குப் போனோம். வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. அது மணல் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் வெள்ளை மணல் மேடுகள். கடலுக்குப் போனவர்களில் பாதிப்பேர் இப்போது மண் ஏற்றப் போகிறார்கள் என்று பஸ் நடத்துனர் சொன்னார். இறங்கி நடந்ததும் அது புரிந்தது. மேடுகள் இருந்த இடங்களில் பள்ளங்கள் கிடந்தன. சிலவற்றில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. ட்ரக்டர் தடங்கள் எல்லாத் திசையிலும் ஓடின. எந்தத் தடம் பாதை, எந்தத் தடம் பள்ளத்தில் முடிவது என்று சொல்ல முடியவில்லை.

நடந்து களைத்து, சேமக்காலைக்குப் பக்கத்தில் ஒரு சமமான இடத்தைக் கணவர் தெரிவு செய்தார். சேமக்காலை என்று அவர்கள் சொல்வது கத்தோலிக்கரின் புதைகுழி நிலத்தை. மணலில் மரச் சிலுவைகள், சில சீமெந்துக் கல்லறைகள், சுற்றிவர முள்ளுக்கம்பி. கணவர் கத்தோலிக்கர். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் ஆட்கள் சுடலைப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

"வேறை இடம் பாப்பமே?" என்றேன்.

"உவையளால உமக்கு ஒரு கரைச்சலும் வராது. பயப்பிடாதையும்" என்று சிரித்தார்.

பொழுது சாயும் நேரம் ஒரு ட்ரக்டர் எங்களை நோக்கி வந்தது. சிறிது தூரத்தில் நின்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது. நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் காலை நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு தண்ணீர்க் கான்.

"ஆர் உங்களை அனுப்பினது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நாங்கள் சும்மா நடக்க வந்தனாங்கள்."

"சும்மாவோ?" அவள் டென்டைச் சுற்றிப் பார்த்தாள். "நாங்கள் இடம்பெயர்ந்து மூண்டு வரியம் உதுக்குள்ளை இருந்தனாங்கள். நீங்கள் விரும்பி வந்து இருக்கிறியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தேநீரை நீட்டினேன். வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். தன் கிணறு உப்பாகிவிட்டதால் பவுசர் லொறியில் வரும் தண்ணீரை எங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவந்ததாகச் சொன்னாள். பிறகு, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் போலச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய கணவர் கடற்றொழிலாளி. வலைகள் அறுந்து போன ஒரு வருடம், கடனோடு கடன் வாங்க மனமில்லாமல் மண் ஏற்றும் வேலைக்குப் போனார். சவளால் அள்ளி ட்ரக்டர் பெட்டியை நிரப்பும் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன், மணல் சுவரின் அடியில் நின்று அள்ளிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த மண் சரிந்து அவரை மூடியது. கூட நின்றவர்கள் தோண்டி எடுப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"வாயெல்லாம் மண். கழுவக் கழுவ வந்துகொண்டிருந்தது" என்றாள். "அந்தாளைத்தான் அங்கை வைச்சிருக்கு."

கையால் காட்டினாள். சேமக்காலையின் முன்வரிசையில் மூன்றாவது சிலுவை. அவள் எங்களை எழுப்பிக் கூட்டிப்போய் வேலியின் மறுபக்கத்தைக் காட்டினாள். முதல் நாள் இருட்டும் நேரத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. வேலிக்கு அப்பால் எட்டு அடி தூரத்தில் நிலம் முடிந்துவிட்டது. நேராக வெட்டிய மணல் சுவர் இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியது. ஒரு மூலையில் வேலித் தூணின் அடி மண் போய், அது கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேற்று உங்களைக் கண்டிட்டுத்தான் ட்ரக்டர் திரும்பினது. போட்டோ எடுத்துப் பேப்பரிலை போடுவியள் எண்டு பயம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்ச நாள் இருங்கோ அக்கா. நீங்கள் இருந்தால் தொட மாட்டினம்."

அன்று பின்னேரம் திரும்புவதாக இருந்த நாங்கள் ஞாயிறு வரை தங்கினோம்.

அந்தச் சனிக்கிழமை பள்ளங்களைச் சுற்றி நடந்தோம். ஒரு இடத்தில் யாரோ ஒருவருடைய வளவின் பாதியை வெட்டியிருந்தார்கள். மலசலகூடக் குழியின் சீமெந்து வளையங்கள் மணல் சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நின்றன. வீட்டில் ஆள் இருந்தது. கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்தன. இன்னொரு பள்ளத்தின் அடியில் ஒரு பனை வடலி வேரோடு சாய்ந்து, சாய்ந்தபடியே குருத்து விட்டிருந்தது. வழியில் கண்டவர்கள் எங்களோடு கதைக்கவில்லை. கடையில் பாண் வாங்கியபோது, கடைக்காரர் மட்டும் மெதுவாக, "அந்தப் பிள்ளை உங்களை இருக்கச் சொன்னதாமே?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

மூன்று மணிபோல மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான். முப்பது வயதுக்கு மேலிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று, "ஐசி இருக்கோ?" என்று கேட்டான். கணவர் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவன் முகவரியை வாசித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அண்ணை, உங்களை எனக்குத் தெரியும். என்ரை தமையன்ரை எஞ்சினை நீங்கள்தான் செய்து தந்தனீங்கள். நானும் கூட வந்தனான்."

அந்தத் தமையன் மூன்றாவது சிலுவைக்குக் கீழே கிடந்தவர் என்பது கதைக்கக் கதைக்கத்தான் எங்களுக்கு விளங்கியது. ட்ரக்டரை ஓட்டியது இவன்தான்.

கணவர் நேராகக் கேட்டார். "தம்பி, சொந்தத் தமையன் படுத்திருக்கிற இடம். நீர் எப்பிடி அதிலை மண் எடுக்கிறீர்?"

"நான் வேலிக்கு இங்காலை வரேல்லை அண்ணை. மண் எடுக்கிற பெமிட்டிலை வேலிவரைக்கும் இருக்கெண்டு முதலாளி சொல்லுறார். நான் ஓடாட்டி நாளைக்கு வேறை ஒருத்தன் ஓடுவான். அவன் வேலியையும் பாக்க மாட்டான்." சொல்லிவிட்டுச் சிலுவைகள் இருந்த பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்தான். "மச்சாள் என்னோடை கதைக்கிறேல்லை. சாமான் வாங்கிக் குடுத்தாலும் திருப்பி அனுப்பிப்போடுவா." மச்சாள் என்று அவன் சொன்னது தமையனின் மனைவியை, அந்தப் பெண்ணை.

நான் கொடுத்த தேநீரைக் குடித்தான். போகும்போது, "எப்ப போறியள்?" என்று கேட்டான்.

"நாளைக்குப் பின்னேரம்" என்றார் கணவர்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கும் உடனே விளங்கிவிட்டது. அவர் பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

ஞாயிறு கத்தோலிக்கக் கோயிலில், என் கணவரும் போயிருந்த பூசை முடிந்து, அவள் எங்களுக்கு மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். சேமக்காலைப் பக்கம் மண் எடுப்பதை நிறுத்தக் கேட்டு, மேலதிகாரிகளுக்கு நான் அவளுக்காக ஒரு பெட்டிசம் எழுதினேன். இருபத்திரண்டு வருடங்கள் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்தவள் நான். வரும் கடிதங்களைப் பதிந்து, முத்திரை குத்தி, உரிய மேசைக்கு அனுப்புவதுதான் என் வேலையாக இருந்தது. எத்தனை பெட்டிசங்கள் எந்த அலுமாரியின் எந்தத் தட்டில் வருடக்கணக்கில் கிடந்தன என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை. நல்ல தமிழில், எங்கும் பிழை பிடிக்க முடியாதபடி எழுதினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினோம். இருக்கச் சொல்லி அவள் மறுபடி கேட்கவில்லை. தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த கிழமை வாறம்" என்றேன்.

"ஓம் அக்கா" என்றாள்.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் கிளினிக் நாள் மாறியது. பிறகு எங்கள் வீதியில் ஒரு கல்யாணம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஒரு காலை கணவர் பட்டறைக்குப் போகாமல் வாசலில் நின்று, "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?" என்று கேட்டார். வெளுத்த துணி காயவில்லை, அடுத்த கிழமை போகலாம் என்றேன் நான். சொன்ன சொற்கள்கூட எனக்கு நினைவிருக்கின்றன.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அழைத்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்குத் திரும்ப அடக்கம் செய்யினம். வரக்கூடியதாயிருந்தா வாங்கோ."

போனோம். நடந்ததை அவளே சொன்னாள். கொழுந்தன் சொன்னபடியே வேலியைத் தாண்டவில்லை. ஆனால் அடியில் எடுத்த மண்ணுக்கு வேலி தெரியாதே. திங்கள் பின்னேரம் சுவர் தானாகச் சரிந்தது. வேலியும் முன்வரிசையில் நான்கு சிலுவைகளும் சேர்ந்து கீழே வந்தன. ஒரு பெட்டியின் பலகை உடைந்து திறந்து கிடந்தது. கூட வேலை செய்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவன் ஓடவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கிச் சென்ற ஆறு பேரில் அவனும் ஒருவன். யாருடைய பெட்டி என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் சட்டையைக் கழற்றி விரித்து, கையாலேயே எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

"கேற்றடியிலை வந்து நிண்டு கத்தினான். 'மச்சாள், அண்ணையைக் கொண்டு வந்திட்டன்' எண்டு. அவன்ரை கையிலை என்ரை மனுசன். நான் என்னத்தைக் கேக்கிறது? உள்ளுக்கு வா எண்டன்."

கோயிலுக்குப் பின்னால், மண் கொஞ்சம் இறுகிய ஒரு இடத்தில் நான்கு சிறிய குழிகள் வெட்டியிருந்தார்கள். தமையனுக்கான குழியை அவனே வெட்டினானாம். உதவிக்குப் போனவர்களைக் கிட்ட விடவில்லையாம். பெட்டி ஒரு தேயிலைப் பெட்டி அளவுதான் இருந்தது. சுவாமியார் ஜெபம் சொல்லும்போது அவன் தலையைக் குனிந்தபடி நின்றான். நகங்களுக்குள் இன்னும் மண் இருந்தது. என் கணவர் ஒரு பிடி மண் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அவளிடம், "நாங்கள் வந்திருக்கோணும்" என்றேன்.

"நீங்கள் எத்தினை நாளைக்கு அக்கா டென்டிலை இருப்பியள்? உங்களுக்கும் வீடு வாசல் இருக்கு" என்றாள். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டிசத்துக்குப் பதில் வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கணவர் ஜன்னலோரம் இருந்தார். கரவெட்டிப் பக்கம் வரும்போது, வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு ஏதும் நடந்தா என்னை எரிச்சுவிடும்."

"என்ன கதை கதைக்கிறியள்? உங்கடை அக்காமார் விடுவினமே?"

"அவையோடை நான் கதைக்கிறன். உங்கடை ஆக்கள் செய்யிற மாதிரி எரிச்சுக் கடலிலை விடும்."

ஞாயிறு பூசை ஒன்றையும் தவறவிடாத மனிதர். கல்யாணத்தின்போது என்னைச் சமயம் மாறச் சொல்லி அவர் வீட்டார் நின்றபோது எனக்காகச் சண்டை பிடித்தவர். ஆனால் தன்னுடையதிலிருந்து ஒரு அடி விலகாதவர். நெஞ்சு நோகிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்.

அவள் எப்போதாவது அழைப்பாள். கொழுந்தன் ட்ரக்டரை விட்டுவிட்டு இன்னொருவருடைய படகில் கடலுக்குப் போகிறான். பிடிபடும் நாளில் மச்சாளுக்கு மீன் கொண்டுவருகிறான். அவள் இப்போது வாங்கிக்கொள்கிறாள். ட்ரக்டரை வேறொருவன் ஓட்டுகிறான், வெளியூர்க்காரன். சேமக்காலையின் இரண்டாவது வரிசை இப்போது முன்வரிசையாகிவிட்டது என்று போன மாதம் சொன்னாள்.