யோகராஜா அண்ணையின் குளிர் வாரம்

யோகராஜா அண்ணை வேலையால் வந்ததும் கோட்டைக் கழற்றமாட்டார். கதவடியில் சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, நடைவழியில் இருக்கும், சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கு முன்னால் குனிவார். வலது கையைத் திருப்பிப் புறங்கையை அதன் மேல்விளிம்பில் வைப்பார். பிறகு நடுவில். பிறகு அடியில், குழாய் நுழைகிற இடத்தில். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு விநாடி. உள்ளங்கை பொய் சொல்லும் என்பார். நாள் முழுக்க லோண்டரியில் ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடு ஆறமுன் மடிக்கிற கைக்கு எல்லாமே குளிராகத்தான் தெரியுமாம். மேலே குளிர்ந்து அடியில் சுட்டால் உள்ளே காற்று. மேலே சுட்டு அடியில் குளிர்ந்தால் கசடு. இரண்டும் குளிர்ந்தால், "இனிப் பொயிலரைத்தான் கேக்கவேணும்."

காற்று என்றால் கோட்டுப் பையிலிருந்து சின்னப் பித்தளைச் சாவியை எடுத்து ஓரத்துத் திருகை அரைச் சுற்றுத் திறப்பார். காற்றுச் சீறிப் போய்க் கறுத்த தண்ணீர் ஒரு சொட்டு எட்டிப்பார்த்ததும் மூடிவிடுவார். "சரி, இண்டைக்குச் சுடும்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு மாடிக்கு ஏறுவார்.

லண்டன் எட்மண்டனில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டுபேர்தான். எனக்கு இருபத்துநான்கு, அவருக்கு ஐம்பதுக்குக் கிட்ட. கல்யாணம் செய்யவில்லை, சகோதரம் இல்லை. மூன்று வருடமாக ஒரே சமையலறையில் நேரம் மாறி மாறிச் சமைத்தோம். பேசியதைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ரேடியேற்றரைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு வாய் வராது. அவருக்கு வரும்போலத்தான் இருந்தது, ஆனால் கேட்க ஆளில்லை.

1994 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவராகவே சொன்னார். தாய்க்கு நெஞ்சு நோவாம். யாழ்ப்பாணத்தில் மருந்து இல்லாததால் கிளாலியில் வள்ளம் ஏற்றி, கடல்நீரேரியைக் கடந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்களாம். கொழும்பில் இருக்கும் மச்சான் பாலேந்திரா தொலைபேசி எடுப்பார் என்றார். தொலைபேசி நடைவழியில், அந்த ரேடியேற்றருக்கு மேலே சுவரில் இருந்தது. ஞாயிறு முழுக்க அவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கடந்து போகும்போதெல்லாம் கால்களை ஒடுக்கி வழி விட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது வீடு விறைத்துப்போய் இருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சற்றைக்கெல்லாம் அவரும் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். ரேடியேற்றரைத் தொடாமல் நேரே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாயைப் பற்றி விசாரித்திருக்கலாம். என்னவென்று தொடங்குவது எனத் தெரியாமல் ரேடியேற்றரைப் பார்க்கப் போனேன்.

அவர் செய்வதைப் பார்த்துப் பழகியபடியே செய்தேன். மேல்விளிம்பும் குளிர், அடியும் குளிர். ஓரத்துத் திருகைத் திறந்தால் காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. குழாயும் குளிர். சமையலறைக்குப் போய், வீட்டுக்கெல்லாம் தண்ணீர் சுடவைக்கும் பொயிலரின் சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். உள்ளே எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் நீலச் சுடர் இல்லை. குமிழை அழுத்திப் பிடித்து, பொறி விழுத்தும் பொத்தானை நாலு தரம் தட்டி மூட்டினேன். வீடு கிறுகிறுவென்று சத்தம் போட்டுச் சூடேறியது. மேலே அவருக்கும் சூடு போயிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

புதன் காலை சுடர் அணைந்திருந்தது. மூட்டினேன். மாலையில் மறுபடி இல்லை. ஹரோவில் இருக்கும் வீட்டுக்காரர் தில்லையம்பலத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வாடகை வீட்டைப் பார்க்க வந்தபோது என் அறையில் கவிதைப் புத்தகங்களைக் கண்டவர்.

"பத்து வருசமா எரியிற பொயிலர் உமக்கு மட்டும் அணையுதோ? தம்பி, கவிதையை மூடி வைச்சுப்போட்டு அந்தக் குமிழை ஒழுங்கா அமத்திப் பிடியும்."

என்றாலும் வியாழக்கிழமை ஒரு வெள்ளைக்காரரை அனுப்பினார். வந்தவர் மூடியைக் கழற்றி, அரை மணித்தியாலம் சோதித்து, இதில் ஒரு பிழையும் இல்லை என்றார். யாரோ கையால் நிறுத்துகிறார்கள் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டில் அப்போது நான் மட்டும்தான் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் புறப்படச் சமையலறைக்கு வந்தபோது யோகராஜா அண்ணை பொயிலருக்கு முன்னால் நின்றார். கோட்டுப் போட்டிருந்தார். நான்கு நாள் தாடி. என்னைக் கண்ட பிறகும் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. மெல்லத் திருகி அணைத்தார்.

"அம்மா திங்கட்கிழமை போயிட்டா, தம்பி. வவுனியாவில."

நான் வேலைப் பையை மேசையில் வைத்தேன்.

"வீட்ட கொண்டுபோய் எடுக்கவேணும் எண்டு பாலேந்திராட்டச் சொன்னனான். வள்ளம் கிடைச்சுதோ, கடந்தினமோ தெரியாது. பிரேதம் எடுக்குமட்டும் செத்தவீட்டில நெருப்பு மூட்டுறேல்லை."

"இது ஹீற்றர்தானே அண்ணை."

"உள்ளுக்க எரியிறது என்ன?"

செத்தவீடு அங்கேயல்லவா என்று இழுத்தேன்.

"அவவுக்கு நான் ஒருத்தன்தானே. நான் இருக்கிற இடம்தான் அவவின்ர வீடு." பிறகு, வேறு யாருக்கோ உபகாரம் கேட்பதுபோலச் சொன்னார்: "உமக்குக் குளிரும். ஆரும் சினேகிதர் இருந்தால் ரெண்டு நாள் போய் நில்லும்."

நான் மூட்ட மூட்ட அவர் அணைத்திருக்கிறார். ஒருமுறைகூட என்னைக் கோபிக்கவில்லை.

சினேகிதர் என்று போக எனக்கும் வீடு இருக்கவில்லை. செத்தவீட்டுக்கு அயலார்தான் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது. எங்களுக்கு ஒரு பக்கம் துருக்கிக் குடும்பம், மறுபக்கம் பூட்டிய வீடு. அன்று மாலை பஸ் ஏறித் தமிழ்க்கடைக்குப் போய் இடியப்பமும் சொதியும் வாங்கிவந்தேன். அவருடைய கதவைத் தட்ட நெடுநேரம் தயங்கினேன். திறந்து பார்சலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கட்டில் விளிம்பில் இருவரும் கோட்டுப் போட்டபடி சாப்பிட்டோம். சொதி ஆறிக் குளிர்ந்திருந்தது. ஆறுதலாக ஒரு வசனம் சொல்லவேண்டும் என்று கடைசிவரை தேடினேன். அவர் கை கழுவப் போகும்போது, "நீர் வாங்கி வந்தது நல்லது" என்றார்.

சனிக்கிழமையும் அப்படித்தான். தில்லையம்பலம் எடுத்துக் கேட்டபோது பொயிலர் நன்றாக எரிகிறது என்று பொய் சொன்னேன். தான் சொன்னபடி அமத்திப் பிடித்திருப்பேன் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஞாயிறு காலை பத்துமணி போலத் தொலைபேசி அடித்தது. அவர் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு என்னிடம் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் முறைப்படி எல்லாம் செய்து நேற்று எடுத்துவிட்டார்களாம் என்றார். பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பொயிலர் குமிழை அழுத்திப் பிடித்தார். விரல் விறைத்திருந்ததால் மூன்றுமுறை நழுவியது. உதவிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சுடர் பிடித்ததும் நிலத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார்.

அடுத்த கோடையில் அவர் கனடாவுக்குப் போனார். வன்கூவரிலிருந்து ஒரு கிறிஸ்மஸ் அட்டை வந்தது, பெயர் மட்டும் எழுதி. பிறகு அதுவும் இல்லை.

1998இல் ஹரோவில் ஒரு கல்யாண வீட்டில் பாலேந்திராவின் மனைவி சிவமலர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்திருந்தா. எட்மண்டன் வீட்டைச் சொன்னதும் என்னை யாரென்று அறிந்துகொண்டா. கணவர் இறந்து ஒரு வருடமாம். அவர் ஒரே ஒரு விஷயத்தில்தான் நிம்மதியில்லாமல் போனார் என்று மெதுவாகச் சொன்னா. யோகராஜா அண்ணையின் அம்மாவின் உடல் கடல்நீரேரியைக் கடக்கவேயில்லை. அந்தக் கிழமை வள்ளம் ஓடவில்லை. வவுனியாவிலேயே, அவவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்த வான் சாரதி, யாரும் பெயர்கூட விசாரிக்காத ஒருவர், கொள்ளி வைத்திருக்கிறார். அவ இறந்த அந்தத் திங்கட்கிழமையே, பொழுது சாயமுன்பே. பாலேந்திரா லண்டனுக்கு முதல் தொலைபேசி எடுத்தபோது அங்கே எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.