தமிழிலிருந்து தமிழுக்கு, வட்டவடை வரை

மூணாறிலிருந்து வட்டவடைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழரைக்கு ஜீப் கிளம்பியது. ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். பின்னால் எட்டுப் பேர், இரண்டு உரமூட்டை. நான் போனது ஊர் பார்க்க அல்ல, மன்னிப்புக் கேட்க.

வரலாறு, அறிவியல், பயணம் என்று வாராவாரம் வரும் ஒரு மலையாள ஆவணத் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் பிழைப்பு. வட்டவடைப் பூண்டைப் பற்றிய பகுதியில், மலையாளப் பிரதி பூண்டை முதலில் ‘வெளுத்துள்ளி’ என்றுவிட்டு, பிறகு வெறும் ‘உள்ளி’ என்றது; அது வெங்காயத்துக்கும் பொதுவான சொல். கோவையில் உட்கார்ந்துகொண்டு நான் அதை வெங்காயமாக்கிவிட்டேன். திரையில் சின்னச்சாமி என்ற விவசாயி, கையில் பூண்டை வைத்துக்கொண்டு வெங்காயத்தின் பெருமையைப் பேசினார். அவர் மனைவி ஈஸ்வரி போன் போட்டு, தொடரைத் தயாரிக்கும் நிறுவனத்தை ஒரு பிடி பிடித்தாராம். திட்டு வாங்க வேண்டியவன் நான்தானே என்று முகவரியை வாங்கிக்கொண்டேன்.

டாப் ஸ்டேஷன் தாண்டியதும் ஓட்டுநர் கேட்டார்: “ரிசார்ட்டுக்கா சார்?”

“சின்னச்சாமி வீட்டுக்கு.”

“யாரு, வெங்காயக்காரரு வீட்டுக்கா!” ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பத்தேகாலுக்கு இறங்கி, கேரட் வயல் வரப்பில் பத்து நிமிட நடை. ஈஸ்வரி கடுங்காப்பி கொடுத்தார். சின்னச்சாமி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான்கு மாதம் முன்பு தேனியில் தொண்டை ஆபரேஷன், குரல் போய்விட்டது. ஈஸ்வரி சொல்லித்தான் இது எனக்குத் தெரிந்தது. அடுத்த ஒளிபரப்பில் வெங்காயத்தையெல்லாம் பூண்டாக்கிவிடுகிறேன் என்றேன்.

“பூண்டு கெடக்கட்டும் சார். இவரு பேசுனதே தமிழுதான? பெறகு எதுக்கு இன்னொரு ஆளு பேசுனான்?”

ஈஸ்வரி கேட்டது சரிதான். அவருடைய தமிழின்மேல் கொச்சியில் மலையாளக் குரலை ஏற்றினார்கள். அந்த மலையாளத்தை நான் தமிழாக்க, சென்னைக்காரர் ஒருவர் பேசிக் கொடுத்தார். இந்த மனிதர் எந்த மொழியில் பேசியிருப்பார் என்று நான் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

“அது ஆபரேசனுக்கு முன்னாடி எடுத்தது. டிவில இவரு கொரலைக் கேக்கலாம்னு குடும்பமே உக்காந்திருந்தோம். எங்ககிட்ட வேற எதுலயும் இல்ல சார்.”

சின்னச்சாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடரின் கொச்சி எடிட்டரை அழைத்து, மலையாளக் குரல் ஏறாத அசல் ஒலி இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். பழைய ஒலியைப் பல சமயம் அழித்துவிடுவார்கள் என்பதையும் ஈஸ்வரியிடம் மறைக்காமல் சொன்னேன். மதியம் பூண்டுக் குழம்பு. எடிட்டரின் பதில் வரட்டும் என்று, திரும்பிப் போகும் இரண்டரை மணி ஜீப்பை விட்டுவிட்டேன்.

மூன்றேகாலுக்குப் பதினொரு நிமிட ஆடியோ என் போனுக்கு வந்தது. முதலில் காற்று, ஒரு நாய். பிறகு கனத்த குரல்.

“எங்க பூண்டு பல்லு சிறுசுதான், ஆனா காரம் ஜாஸ்தி... ஏ ஈஸ்வரி, எங்கடி போன? சாக்கை எடுத்து நெழல்ல போடுன்னு எத்தன தடவ சொல்றது!”

ஈஸ்வரி பொலபொலவென்று அழுதார். “பாருங்க சார், ஊருக்கே காட்டுற படத்துலயும் என்னையத்தான் வையுறாரு.”

சின்னச்சாமியின் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். புதிய பதிப்பில் அவர் குரல்மேல் யாரும் பேசமாட்டார்கள் என்று சொன்னேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினார்.

மறுபடி போட்டேன். சாக்கு என்ற சொல் வந்ததும் ஈஸ்வரி முந்திக்கொண்டார்.

“எடுத்தாச்சு, எடுத்தாச்சு.”