கண்ணாடி அக்கா சொந்த வீட்டை விற்ற கதை

விற்பனைக்கு வரும் வீடுகளை ஃபெங் சுய் என்கிற சீன வாஸ்து முறைப்படி ஒழுங்குசெய்து கொடுப்பது கண்ணாடி அக்காவின் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக அங்கே மாட்டியிருக்கும் கண்ணாடியைக் கழற்றி வேறு சுவருக்கு மாற்றிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். வாசலுக்கு நேராகக் கண்ணாடி இருந்தால், உள்ளே வருகிற நல்லது வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்பது அவள் படித்த பாடம். வீடு பார்க்க வருகிறவர்கள் தங்கள் வேர்த்த மூஞ்சியைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது அவளுடைய சொந்த விளக்கம். இரண்டில் எது சரி என்று கேட்டால், "கண்ணாடி மாறினா போதும், காரணம் எதுவா இருந்தா என்ன" என்பாள்.

அதற்கு முன்பு அவள் ஒரு மரச்சாமான் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றவள். விலைபோகாமல் கிடந்த ஒரு சோபாவை, முதலாளி அழைத்து வந்த ஃபெங் சுய் நிபுணர் சுவரோரமாகத் திருப்பிப் போட்டார். அதுவரை சீண்டுவாரில்லாமல் கிடந்த சோபாவில் அன்றே ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். அக்கா அந்த நிபுணரின் வகுப்பில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவர் சொன்னதில் பாதியை நம்பினாள். மீதியைத் தன் கண்ணால் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள்.

அவளுடைய கெடுபிடி ஊரறிந்தது. நின்றுபோன கடிகாரம், ஒட்டவைத்த கோப்பை, மருந்துப் புட்டி எதுவும் கண்ணில் படக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் கதவு. வீட்டிலுள்ள ஒவ்வொரு கதவையும் சுவரைத் தொடும்வரை திறந்து பார்ப்பாள். எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு துடைப்பமோ, இஸ்திரிப் பலகையோ, போன வருடத்துப் பையோ ஒளிந்திருக்கும். "மூடின கதவு ஒண்ணு இருந்தா போதும், பார்க்க வந்தவங்க மத்த ரூமை எல்லாம் மறந்துட்டு அதையேதான் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க" என்று வீட்டுக்காரர்களைப் பிடித்து உலுக்குவாள். அவள் கைபட்ட வீடுகள் சொல்லி வைத்தாற்போல் விற்றன. தரகர்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவளுடைய சொந்த வீடு மட்டும் ஒரு வருடமாக விற்கவில்லை.

அந்த வீட்டை விற்றே ஆக வேண்டும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கை பட்டு ஓடியதுதான். வேலை செய்யும்போது தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் படி இறங்க முடியவில்லை. அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனிதர் டீக்கடைக்குப் போய், தெருமுனையில் நின்று நாலு பேரை வம்புக்கு இழுக்காவிட்டால் சோறு இறங்காதவர். இப்போது பின்னறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தெருவை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தால் கைத்தடியை ஊன்றிக்கொண்டாவது நடந்துவிடுவார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. அவர் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தார்.

வீடு பார்க்க ஆள் வரும் நாளில் கண்ணாடி, செடி, விளக்கு எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாக வைப்பாள். கைத்தடி, மருந்துகள், குளியலறை முக்காலி, நின்றுபோன கடிகாரம், காயாத துணி எல்லாவற்றையும் அள்ளிப் பின்னறையில் போடுவாள். நோயாளி இருக்கிற வீடு என்று தெரிந்தால் வாங்க மனம் வராது என்று அவரையும் அங்கேயே உட்காரவைத்துக் கதவைச் சாத்துவாள்.

"கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க."

"சாமானோட சாமானா இருந்துக்கறேன் போ" என்பார் அவர்.

வந்தவர்கள் கூடத்தைப் பார்த்து மெச்சுவார்கள். சமையலறையைத் தொட்டுப் பார்ப்பார்கள். சாத்திய கதவைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கிப் போனால் அதோடு சரி. "ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் வித்துக் குடுக்கறீங்க, உங்க வீட்டுக்கு என்னக்கா ஆச்சு" என்று தரகர் தலையைச் சொறிந்தார். அவள் திரும்பவும் கண்ணாடியை மாற்றினாள்.

ஒருநாள் அதே தரகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். மூன்று மாடி ஏறியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. மனைவி தையல்காரி. அவள் கூடத்தையும் சமையலறையையும் ஏனோதானோவென்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மெஷின் போட வெளிச்சம் வேணுமே. இந்த ரூம் என்ன?"

"அது ஸ்டோர் ரூம்மா. சாமான் போட்டு வச்சிருக்கோம்" என்றாள் அக்கா.

சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே இருமல் கேட்டது. நீளமான, அடக்கி அடக்கிப் பார்த்துத் தோற்றுப்போன இருமல்.

"சாமான் இருமுதே" என்றாள் தையல்காரி.

தரகர் மோட்டுவளையைப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரிப்பேரான சாமான்மா. இருமல் மட்டும் நல்லா ஓடுது."

வேறு வழியில்லாமல் அக்கா கதவைத் தள்ளினாள். அது பாதிதான் திறந்தது. பின்னால் முக்காலியும் இஸ்திரிப் பலகையும் முட்டுக்கொடுத்து நின்றன. அந்த இடுக்கு வழியாக அவரைப் பார்த்தாள். ஈரத்துணிக் கூடைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, நின்றுபோன கடிகாரத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் படக் கூடாதவை என்று அவள் ஒதுக்கிய எல்லாம் அவரைச் சுற்றி இருந்தன. வந்தவர்கள் எதிரில் குட்டு வெளிப்பட்டது அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து வைத்தது நான்தானே என்றுதான் பட்டது. குனிந்து முக்காலியை இழுத்தாள், பலகையை இழுத்தாள். கதவு சுவரைத் தொட்டது.

பின்னறை வெளிச்சம் கூடம்வரை வந்து விழுந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றாள் அக்கா. "இவரால படி இறங்க முடியல. அதான் விக்கிறோம். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"லிஃப்ட் கிடையாது, தண்ணி சில நாள் மெதுவாத்தான் ஏறும்" என்று அவரும் ஆரம்பித்தார். தரகர் நெற்றியில் கை வைத்தார். அக்காவின் கணவரோ ஆசிரியர் பக்கம் திரும்பினார். "உங்க காலு நல்லா இருக்கு தம்பி, பயப்படாதீங்க. ஜன்னல் மட்டும் அருமையான ஜன்னல். சாயங்காலம் வரைக்கும் விளக்கு போட வேண்டியதில்ல."

தையல்காரி அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டாள். கைப்பையிலிருந்து கறுப்பிலும் கருநீலத்திலும் நூல்கண்டு எடுத்து வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"வித்தியாசம் தெரியுதுங்க" என்றாள் கணவனிடம். அவர்களே வாங்கினார்கள்.

தரைத்தள வீட்டுக்குச் சாமான் வந்து இறங்கிய அன்று அக்கா கண்ணாடியைத் தேடவில்லை. அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் அங்குமிங்கும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எந்த ரூம்ல என்னை ஒளிச்சு வைக்கப்போற?" என்றார் அவர்.

"ஃபெங் சுய்ல இதுதாங்க குடும்பத் தலைவர் இடம். முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு நேரா வாசல். யார் வந்தாலும் உங்களைப் பார்த்துட்டுத்தான் உள்ள வரணும்." நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "வந்து உக்காருங்க."

அவர் கைத்தடியை ஊன்றி வந்து நாற்காலியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"நல்ல இடம்தான்" என்றார். "வந்து உக்காந்துக்கறேன்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி, டீக்கடை எந்தப் பக்கம் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டே நடந்தார். அக்கா காலி நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு, வாசல் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அதைச் சுவர்வரை தள்ளி, ஒரு மூட்டையை முட்டுக்கொடுத்து வைத்தாள்.