டாக்டர் பில்யானாவின் சிவப்பு நூல்

டாக்டர் பில்யானாவுக்குச் சட்டம் போடாவிட்டால் சாப்பாடு இறங்காது. குழந்தை மருத்துவப் பயிற்சிக்காக மரீட்சா ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஜன்னலைத் திறக்க ஒரு சட்டம், பொம்மைகளைக் கழுவ ஒரு சட்டம், பார்க்க வருகிற மாமன்மார்களின் சிகரெட் நாற்றத்துக்கு ஒரு சட்டம் என்று போட்டுத் தள்ளிவிட்டாள். ஆளைப் பார்த்தால் ஊதினால் விழுந்துவிடுவாள் போலிருக்கும். வாயைத் திறந்தாலோ, மாடியிலிருக்கும் பேராசிரியர் பேனாவைக் கீழே போட்டுவிடுவார். இத்தனைக்கும் அந்த வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். ஊசி போட்டுக்கொண்டு அழுகிற பிள்ளைக்கெல்லாம் ஒன்று கிடைக்கும். அது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று கேட்கிற தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

அவள் போட்டதிலேயே பெரிய சட்டம் சிவப்பு நூல் சட்டம். மறுநாள் ஆபரேஷன் இருக்கிற பிள்ளையின் மணிக்கட்டில் முந்தின சாயங்காலமே சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் யாரும் ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் எதையாவது வைத்துக்கொண்டு மயக்க மருந்து வாங்கினால் உயிருக்கே ஆபத்து என்று தாய்மாருக்கு எத்தனை சொன்னாலும், பசியில் அழுகிற பிள்ளையைப் பார்த்தால் அவர்களுக்கு மனசு கேட்பதில்லை. ஆபரேஷன்கள் இப்படித் தள்ளிப்போவதைப் பற்றித்தான் பில்யானாவின் ஆராய்ச்சியும். நூல் கட்டத் தொடங்கிய இலையுதிர் காலத்திலிருந்து ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நூல் பிறந்ததற்கே ராலிட்சாதான் காரணம். மலைக் கிராமத்துப் பிள்ளை, ஆறு வயசு, மாறுகண். கண் சர்ஜன் தலைநகரத்திலிருந்து எப்போதாவதுதான் வருவார். போன முறை அவர் வந்தபோது அவள் அம்மா ஸ்லாவ்கா, பிள்ளை அழுகிறதே என்று விடியற்காலையில் ஒரு கிண்ணம் தயிரைக் கொடுத்துவிட்டாள். ஆபரேஷன் போச்சு. பில்யானா வார்டு முழுக்கப் பார்க்க அவளை நிற்கவைத்துக் கிழித்துவிட்டாள். "உங்களுக்கு அறிவிருக்கா? பெத்த பிள்ளை கண்ணைவிட ஒரு கிண்ணம் தயிர் பெரிசாப் போச்சா?" ஸ்லாவ்கா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மறுபடி அழைத்து வந்திருக்கிறாள். இலையுதிர் காலம் வந்தால் பள்ளிக்கூடம். அதற்குள் கண் நேராகாவிட்டால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? இந்த வாய்ப்பும் போனால் சர்ஜன் அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ராலிட்சாவின் கையில் சிவப்பு நூலைப் பில்யானாவே கட்டினாள். இரண்டு முடிச்சு.

விடிந்தால் மார்ச் முதல் தேதி. சிவப்பு நூலும் வெள்ளை நூலும் முறுக்கிய மார்த்தெனிட்சாக் கயிறு கட்டாத கையை அன்றைக்கு அந்த நாட்டில் பார்க்க முடியாது. அதைக் கட்டினால் வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாதாம். நோயைப் பற்றி அத்தனை படித்த பில்யானாவும் சின்ன வயசிலிருந்து இதை ஒரு வருஷமும் விட்டதில்லை. காலையில் பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தவள், அரைத் தூக்கத்திலிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் முத்தம் கொடுத்து, மணிக்கட்டில் ஒன்று கட்டி, கோட்டைச் சரிசெய்துகொண்டு பேராசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டாள். கை பாட்டுக்குக் கயிற்றைக் கட்டிக்கொண்டே போனது. மூளை அதன் கூடப் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் காலை ரவைக் கஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு சமையல்கட்டு டோட்கா வந்தாள். முதல் கட்டில், சிவப்பு. அடுத்தது, சிவப்பு. எதிர் வரிசை முழுக்கச் சிவப்பு. "அடேயப்பா! இன்னிக்கு எல்லாத்தையும் ஒரேயடியா அறுக்கப்போறாங்களா?" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள்.

"ஏ டோட்கா, எங்க போற? கஞ்சியை வெச்சுட்டுப் போ!" என்று ஒரு தாய் கத்தினாள்.

"எனக்கென்ன வந்துச்சு? சிவப்பு இருந்தா தராதேன்னு உங்க டாக்டரம்மா உத்தரவு. ஒருதரம் வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

வண்டி போயேவிட்டது. வார்டே ஊளையிட்டது. கால் கட்டுப் போட்டவன் ஊன்றுகோலால் கட்டிலைத் தட்டினான். தாய்மார்கள் பொறுப்பார்களா? ஆளுக்கொரு பையைத் திறந்தார்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா வெளியே வந்தது. "உன் பிள்ளை, என் பிள்ளைன்னு என்ன, எல்லாம் பசிக்கிற வயிறுதானே" என்று பக்கத்துக் கட்டில்காரி ஆளுக்கொரு துண்டு கொடுத்துக்கொண்டே போனாள். ஸ்லாவ்கா ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கக் கீழே போயிருந்தாள். எல்லாக் கையும் சிவப்பாக இருந்ததில் ராலிட்சாவின் கை தனியாகத் தெரியவில்லை; அதிலும் ஒரு துண்டு விழுந்தது.

கூச்சல் கேட்டு ஓடிவந்த பில்யானா வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாக் கையிலும் சிவப்பு, எல்லா வாயிலும் பானிட்சா.

"எவ சொன்னா இதுகளுக்குக் குடுக்கச் சொல்லி?" என்று ஆரம்பித்தவளை, என்ன கூத்து என்று பார்க்கத் திரும்பி வந்திருந்த டோட்கா மடக்கினாள். "அதிருக்கட்டும் டாக்டரம்மா. எல்லாக் கையிலயும் சிவப்பைக் கட்டினது யாருங்க? அவங்க மேல யார்கிட்ட புகார் சொல்றது?"

பில்யானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் மார்த்தெனிட்சா போலச் சிவந்து வெளுத்தது. ராலிட்சாவின் கட்டிலுக்கு ஓடினாள். மடியெல்லாம் துணுக்கு. கையில் பானிட்சா பிசைந்துபோயிருந்தது.

"கண்ணு, தின்னியா? ஒரு வாயாவது தின்னியா? உண்மையைச் சொல்லு."

"தின்னல."

"நிஜமா? பசிக்கலையா?"

"பசிக்குது." ராலிட்சா துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "தின்னா நீங்க எங்கம்மாவைத் திட்டுவீங்க."

அந்த வார்த்தை விழுந்த நேரம் பார்த்து ஸ்லாவ்கா வாசலில் நின்றாள். பிள்ளை கையில் பானிட்சாவையும் எதிரே டாக்டரையும் பார்த்ததும் பரிசோதனைக் காகிதத்தோடு ஓடிவந்தாள். "நான் குடுக்கல டாக்டரம்மா! சத்தியமா நான் குடுக்கல, நான் கீழ போயிருந்தேன்..."

அந்தப் பதற்றத்தைப் பார்க்கப் பில்யானாவுக்குத் தாங்கவில்லை. இத்தனை சட்டம் போட்டவள், ஒரு தாயைத் தன்னைக் கண்டாலே இப்படிப் பயப்பட வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணினேன்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் அடுத்த கட்டிலுக்குக்கூடக் கேட்கவில்லை.

ராலிட்சாவின் வாயை விளக்கடித்துப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரியையும் விசாரித்தாள். நடந்ததை ஒளிக்காமல் சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொன்னாள். அவர்கள் தாங்களும் பிள்ளையைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

மதியத்துக்கு மேல் சர்ஜன் வெளியே வந்து, "ரெண்டு கண்ணும் நேரா நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்லாவ்கா நடைபாதை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள். பில்யானா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

ஸ்லாவ்கா கழுத்தில் கட்டியிருந்த துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையிலேர்ந்து எதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

ஸ்லாவ்கா பையைத் திறந்து ஒரு பெரிய துண்டு பானிட்சாவை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"தின்னுங்க டாக்டரம்மா. உங்கம்மாவை யாரும் திட்ட மாட்டாங்க."