விரலில் ஒட்டியிருந்த இனிப்பு

எனக்கு எழுபத்தேழு வயது. நான் பெற்றது மூன்று. கொழுந்தன் போன பிறகு அவர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. வடக்கே தலைநகரில், கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இரண்டே அறைக்குள் ஐந்தையும் ஆளாக்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகும் என்பதால் நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள்.

என்னை இப்படி உட்கார வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மெஷின். விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அதில் செருகிய பட்டையில் தொட்டால் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று எண் காட்டும். என் வீட்டுக்காரர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகேதான் அதை முதன்முதலில் பார்த்தேன். "லேப்புக்கு அனுப்பிட்டுக் காத்துக் கிடக்க வேணாம்மா, ஜல்தியா தெரிஞ்சிரும்" என்றான் பெரியவன், ஏதோ அவனே செய்துவைத்த மாதிரி.

என் வீட்டுக்காரர் மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளோடு இனிப்பை விட்டவர். கல்யாணப் பந்தியில் லட்டு விழுந்தால் பக்கத்து இலைக்குத் தள்ளுவார். ஆபீசில் அவருக்கே வெட்டிய கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார். "சீனியில்லாத காப்பியக் குடிக்கிறதுக்கு ஒண்ணு வைராக்கியம் வேணும், இல்லாட்டி பயம் வேணும். எனக்கு வைராக்கியமும் உண்டு, வீட்டுக்காரி மேல பயமும் உண்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதரைத்தான் கடைசியில் திருடித் தின்றவர் ஆக்கினார்கள்.

அது தை மாதக் குளிர். நெஞ்சுச் சளி முற்றி, அப்போது நாங்கள் குடியிருந்த துவாரகாவிலிருந்து ஊருக்குள் போகும் வழியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வாசலிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். அவருக்குக் குணமாகிவிட்டது, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் பெரியவன் தன் மகளைக் கூட்டிவந்தான். அப்போது அவளுக்கு நாலு வயது. பழனிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டம்மா தந்த பஞ்சாமிர்த டப்பாவை நான் எடுத்துப் போயிருந்தேன். அவர் திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டார். பஞ்சாமிர்தத்தை விரலால் வழித்து வழித்துப் பேத்தி வாயில் வைத்தார். விரலைத் துண்டில் துடைத்தார். தன் நாக்கில் வைக்கவே இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தாள். ஸ்பிரிட் பஞ்சால் அதே விரலை ஒரு தடவு தடவிக் குத்தினாள். மெஷின் நானூறுக்கு மேலே காட்டியது. காலையில் நூற்றைம்பது சொச்சம் இருந்த மனிதர். இளவயது டாக்டர் ஒருவர் எண்ணைப் பார்த்தார், இன்சுலின் போடச் சொன்னார், போய்விட்டார். இவர் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. சாயங்காலம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரில் சட்டை நனைந்தது, பேச்சுக் குழறியது. நான் ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னேன். "அச்சா ஹை மாதாஜி, சர்க்கரை இறங்குகிறது, தூங்கட்டும்" என்று ஹிந்தியில் சொல்லி அனுப்பினாள். தூக்கமில்லை அது. இழுப்பு வந்த பிறகுதான் ஓடிவந்தார்கள். அந்த வாரத்துக்குள் அவர் போய்விட்டார்.

பெரியவன் புகார் கொடுத்தான். எங்களைக் கூப்பிட்டு நீள மேசையின் இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். வார்டு டாக்டர், மெஷினைச் சரிபார்ப்பது லேப்பின் பொறுப்பு என்றார். லேப் டாக்டரம்மா, "ரத்தத்தை எங்களிடம் அனுப்பியிருந்தால் ஒருதரம் பார்த்திருப்போம், கட்டிலருகே குத்துவது எங்கள் கையில் இல்லை" என்றார். விதியெல்லாம் இருக்கிறதாம். மெஷினைத் தினம் சோதிக்க வேண்டும், எண் திடீரென்று ஏறினால் லேப்பிலும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். யார் செய்ய வேண்டும் என்று கேட்டால் மட்டும் இவர் அவரைப் பார்ப்பார், அவர் இவரைப் பார்ப்பார். கடைசியில் டை கட்டிய ஒருவர், "நோயாளிக்கு வீட்டிலிருந்து ஏதாவது இனிப்பு கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அந்த நிமிடமே மேசைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் மூச்சு வந்தது. "அவர் சாப்பிடல, குழந்தைக்குத்தான் குடுத்தார்" என்றேன். பெரியவன் என் கையை அழுத்தினான். "குழந்தைய இதுல இழுக்காதம்மா." வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து துக்கம் கேட்டு வந்தவர்களிடம் அவன் சொன்னது ஒன்றுதான்: "ஸ்வீட் சாப்பிட்டுட்டார். மெஷின் பொய் சொல்லாதுல்ல?" இப்போதும் திதிக்குக் கூடினால் பாயசத்தை ஊற்றிக்கொண்டே யாராவது, "மாமா கடைசியா ஆசை தீரத் தின்னுட்டுத்தான் போனார்" என்று சிரிக்கிறார்கள். பெரியவனும் சும்மா இருக்கிறான்.

இப்போது எனக்கும் சர்க்கரை. அதே மாதிரி மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. போன கோடையில் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினேன், பேத்தி குத்தினாள். "அப்பத்தா! முந்நூத்தி எண்பது! சோரி சோரி, திருட்டுத்தனமா சாப்பிட்டியா?" என்று கத்தினாள். "ஒரு துண்டுகூட வாயில வைக்கலடி" என்று எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். மறுபடி குத்தினாள். நூற்று நாற்பது. அவள் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவர் விரலில் ஒட்டியிருந்த பஞ்சாமிர்தத்தின் எண்ணுக்குத்தான் இன்சுலினைப் போட்டு, உடம்பில் இருந்த சர்க்கரையையும் இறக்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெரியவன் ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். அவன் கண்ணெதிரே பழச் சாற்றில் விரலைத் தொட்டு, ஸ்பிரிட் பஞ்சால் ஆஸ்பத்திரிக்காரி மாதிரியே ஒரு தடவு தடவி, குத்தச் சொன்னேன். எண் எகிறியது. கழுவிவிட்டுக் குத்தினோம். இறங்கியது.

"அது ஹாஸ்பிட்டல் மெஷின்மா. வேற."

"விரலு ஒண்ணுதானடா?"

"பத்து வருஷம் ஆச்சு. இப்ப என்னதான் செய்யச் சொல்றே? கேஸ் போடவா?"

"ஒண்ணும் போட வேணாம். உங்கப்பா திங்கலேன்னு ஒரு வார்த்த சொல்லு."

போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். இன்னும் சொல்லவில்லை. மெஷினை நம்பி அப்பாவைச் சந்தேகப்பட்டவன், இப்போது மெஷினையே காட்டினாலும் அப்பாவை நம்ப மாட்டேன் என்கிறான். நம்பினால் அந்த மேசையில் என் கையை அழுத்தியதை நினைக்க வேண்டியிருக்கும். என் வளர்ப்பு இது. எனக்கே கசக்கிறது.

இங்கே பேத்தியின் பேனா நின்றுவிட்டது. "அந்தக் குழந்தை நான்தானே அப்பத்தா?" என்கிறாள். நீதான். இன்னொரு வாய் வேணும்னு வாயைத் திறந்துகிட்டே நின்னே, தாத்தா குடுத்தார். "அப்ப என்னாலதானா?" ஏண்டி, கையைக் கழுவாம குத்தினது நீயா? ஊசி போடச் சொன்னது நீயா? அழாதே. எழுது.

வருகிற திதிக்கு எல்லோரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால் நீ எழுந்து நின்று இதைப் படிக்க வேண்டும், உங்கப்பன் எதிரிலேயே. இப்போது எனக்கு ஒருதரம் படித்துக் காட்டு. அவர் தன் நாக்கில் வைக்கவே இல்லை என்று வருகிற இடத்தில் குரலை இறக்காதே.